நாடுகளுக்கு முன்பே நகரங்கள் வாசலில் நின்றன, தெரியுமா?

இங்கிலாந்தில் நாரிச் என்றொரு நகரம். அதன் கால்பந்து அணியின் சின்னத்தில் ஒரு மஞ்சள் கேனரிக் குருவி உட்கார்ந்திருக்கிறது. ரசிகர்கள் அணியைக் கூப்பிடுவதே 'கேனரிகள்' என்றுதான். அந்தக் குருவி அங்கே எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? ஒரு மேயர் துணிந்து போட்ட முத்திரையால்!

1565. நாரிச் நெசவை நம்பிப் பிழைத்த ஊர். கனத்த கம்பளித் துணிக்குச் சந்தை சரிந்து, தறிகள் சும்மா கிடந்தன. அதே நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில், ஸ்பானிய ஆட்சியின் மத அடக்குமுறைக்குப் பயந்து புராட்டஸ்டன்ட் நெசவாளர்கள் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். மெல்லிசான, பளபளப்பான புதுவகைத் துணி நெய்யும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. நாரிச் நகரத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? அரசி முதலாம் எலிசபெத்திடம் மனுப் போட்டு அவர்களைக் கேட்டு வாங்கினார்கள்! கைத்தொழில் தெரிந்த 30 பேர் வரலாம். அதில் 24 பேர் டச்சுக்காரர்கள், 6 பேர் பிரெஞ்சு பேசும் வலூன்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் அவரையும் சேர்த்து வீட்டாள், வேலையாள் என்று 10 பேர் வரை இருக்கலாம். ஆக மொத்தம் 300 பேர்.

ஆனால் ஊர் மக்களின் பிரதிநிதிகள் முரண்டு பிடித்தார்கள். நகரத்தின் பொது முத்திரையை அனுமதி ஆவணத்தில் வைக்கவே முடியாது என்றார்கள். மேயர் தாமஸ் சதர்டன் பார்த்தார். தன் பதவி முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார். வாசல் திறந்துவிட்டது.

அந்த 300 பேர் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஆனார்கள். உச்சத்தில் ஊரின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான்! நாரிச்சின் முதல் அச்சகத்தை நிறுவிய அந்தோணி டி சொலெம்ப்னே அவர்களில் ஒருவர். கேனரி வளர்க்கும் ஆசையும் அவர்களோடுதான் கடல் தாண்டி வந்தது என்று நாரிச் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறது. எதிர்ப்பே இல்லாமல் இல்லை. 1570இல் இந்த அந்நியர்களைத் துரத்த ஒரு சதியே நடந்தது. ஆனாலும் தறிகள் மறுபடி ஓடின.

இதை எதற்கு இவ்வளவு ஆசையாகச் சொல்கிறேன் என்றால், குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வருவது விமான நிலையம், விசா முத்திரை, தேசத்தின் எல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்ற நிலை உலகம் முழுக்க வந்ததே முதல் உலகப் போருக்குப் பிறகுதான்! அதற்கு முன் பல நூற்றாண்டுகள், வந்தவரை நிறுத்தி யார், எங்கிருந்து, எத்தனை நாள் என்று கேட்டது பெரும்பாலும் நகரம்தான். கூப்பிட்டதும் நகரம், வரி போட்டதும் நகரம், விரட்டியதும் நகரம். தேசங்கள் பின்னால் வந்து அந்தப் பேரேட்டை வாங்கிக்கொண்டன.

அரிஸ்டாட்டில் ஏதென்ஸ் நகரத்தின் குடிமகன் இல்லை, தெரியுமா? அவர் வடக்கே ஸ்டாகிரா என்ற ஊரில் பிறந்தவர். ஏதென்ஸில் அவருக்கு 'மெட்டிக்' என்ற தகுதிதான். வந்து தங்கிய அந்நியன் என்ற நிலை அது. சொந்தமாக நிலம் வாங்க முடியாது, சபையில் வாக்கு கிடையாது, உள்ளூர்க் குடிமகன் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மெட்டிக்குகளில் ஆண்கள் ஆண்டுக்கு 12 திராக்மா வரி கட்டவேண்டும், தனித்து வாழும் பெண்கள் 6 திராக்மா. கட்டத் தவறினால் அடிமையாக விற்றுவிடலாம்! உலகத்துக்கே தத்துவம் சொல்லிக்கொடுத்த ஊர், தன் மிகப் பெரிய ஆசிரியரைக் கடைசிவரை வெளியூர்க்காரராகவே வைத்திருந்தது.

இன்னும் கேளுங்கள். தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451இல் சட்டம் கொண்டுவந்தவர் மாபெரும் தலைவர் பெரிக்ளிஸ். பிற்பாடு அவரோடு வாழ்ந்த அஸ்பாசியா, மிலேட்டஸ் நகரத்துப் பெண். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அப்பாவின் சட்டப்படியே குடியுரிமை இல்லை! கொள்ளைநோயில் மற்ற இரண்டு மகன்களும் இறந்துபோன பிறகு, பெரிக்ளிஸ் நகரத்தாரிடம் விதிவிலக்குக் கேட்டு நின்றார். அந்த முதியவரின் துக்கத்தைப் பார்த்து ஏதென்ஸ் மனமிரங்கியது.

மத்திய கால ஐரோப்பாவில் பண்ணை அடிமை ஒருவன் பிரபுவின் நிலத்திலிருந்து தப்பி, மதில் சூழ்ந்த ஒரு நகரத்துக்குள் நுழைந்து, ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் அவன் சுதந்திர மனிதன்! ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் இது நடைமுறை. இங்கிலாந்தின் சில நகரங்களுக்கும் அதே உரிமை இருந்தது. 365 நாள் போதாது, கூட ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளை எண்ணிக்கொண்டு எத்தனை பேர் மூச்சைப் பிடித்தபடி ஒளிந்திருந்திருப்பார்கள்!

ஜெனீவா என்றாலே மதச் சீர்திருத்தவாதி கால்வின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் பிரான்ஸிலிருந்து வந்த அகதி. 1536இல் முதன்முதலாக ஜெனீவாவில் கால் வைத்தவருக்கு நகரத்தின் முழு உரிமை எப்போது கிடைத்தது தெரியுமா? 1559 கடைசியில்! அதற்குள் அவர் அந்த ஊரின் வாழ்க்கையையே மாற்றி எழுதிவிட்டிருந்தார். 1549இலிருந்து அங்கே வந்து குடியேறியவர்களின் பெயர்களை நகரம் ஒரு தனிப் புத்தகத்தில் எழுதிவந்தது. 1555இல் பணம் வாங்கிக்கொண்டு பிரெஞ்சு அகதிகள் பலருக்கு ஒரே மூச்சில் வாக்குரிமை கொடுத்தார்கள். அந்த வாக்குகள் சேர்ந்ததும் கால்வினை எதிர்த்துவந்த உள்ளூர்ப் பெருங்குடும்பங்களின் கை ஒடிந்தது. குடியேற்றக் கொள்கை ஒரு நகரத்தின் ஆட்சியையே புரட்டிப்போட்ட கதை இது.

வெனிஸ் 1516இல் யூதர்களை ஒரு தீவுப் பகுதிக்குள் அடைத்து, இரவில் கதவைப் பூட்டியது. உலகமெங்கும் 'கெட்டோ' என்று சொல்கிறோமே, அது அந்த இடத்தின் பெயர்தான். ஆனால் அதே இத்தாலியில் லிவோர்னோ துறைமுகம் நேர் எதிராக நடந்தது! டஸ்கனியின் கோமகன் முதலாம் ஃபெர்டினாண்டோ 1591இலும் 1593இலும் அழைப்பு ஆணைகள் வெளியிட்டார். யூதர், துருக்கியர், கிரேக்கர், ஆர்மீனியர், பாரசீகர் என்று பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். வேறு ஊரில் பட்ட கடனுக்காக அவர்களை இங்கே துரத்தக் கூடாது என்று பாதுகாப்பும் கொடுத்தார். லிவோர்னோவில் கெட்டோவே கிடையாது. அதைவிட ஆச்சரியம், புதிதாக வரும் யூதரை ஏற்பதா என்று அங்கிருந்த யூத சமூகத்தின் பெரியவர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அவர் டஸ்கனியின் பிரஜை! குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் குடியேறியவர்களின் கையிலேயே இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நான்கு நூற்றாண்டுக்கு முன்னால்!

பீட்டில்ஸ் இசைக்குழு புகழ் பெறுவதற்கு முன், 1960இல் ஹாம்பர்க்கில் இரவு இரவாக வாசித்த முதல் கிளப்புகள் ஒரே தெருவில் இருந்தன. அந்தத் தெருவின் பெயர் 'பெரும் சுதந்திரம்'. கேளிக்கைக்காக வைத்த பெயர் இல்லை அது! அந்தப் பெயர் வந்த காலத்தில் அந்த இடம் ஹாம்பர்க்கே இல்லை, பக்கத்து ஊரான ஆல்டோனா. லுத்தரன் நகரமான ஹாம்பர்க் வேற்று மதத்தாருக்கும் கைவினைக் குழுமத்தில் சேராத கைவினைஞர்களுக்கும் கதவைச் சாத்தியபோது, அடுத்த அடியில் இருந்த ஆல்டோனா 17ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கரும் மென்னோனைட்டு என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் அங்கே கும்பிடலாம், தொழில் செய்யலாம் என்று அறிவித்தது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1765 முதல் 1774 வரை பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் லவ் என்ற ஒருவருக்கு வினோதமான உத்தியோகம். தெருத்தெருவாக நடந்து, புது முகங்களைக் கண்டால் நிறுத்தி, பெயர், ஊர், எப்போது வந்தார், யார் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று விசாரித்து எழுதிக்கொள்வார். பிறகு அரசரின் பெயரால் சொல்வார்: 14 நாளுக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். ஆனால் யாரும் போக வேண்டியதில்லை! எச்சரிக்கை கொடுத்துவிட்டால் போதும், நாளைக்கு அந்த ஆள் நோயிலோ வறுமையிலோ விழுந்தால் அவரைக் காப்பாற்றும் செலவு நகரக் கஜானாவின் மேல் விழாது. அவ்வளவுதான் நோக்கம். இந்த வழக்கத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஊருக்குப் பாரமாவார் என்று தோன்றும் வெளியூர் ஏழையை வந்த 40 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று 1662இல் அங்கே சட்டம் வந்திருந்தது. வந்தவரின் மொழியையோ மதத்தையோவிட அவருடைய வறுமைக்குத்தான் ஊர்கள் அதிகம் பயந்திருக்கின்றன. இந்தப் பயத்தை இன்றைய குடியேற்றச் சட்டங்களிலும் வரிக்கு வரி பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவைக் கேள்விப்படாதவர் இல்லை. அது 1892இல்தான் திறந்தது. அதற்கு முன்? காசில் கார்டன்! கோட்டையாகக் கட்டப்பட்டு, பிறகு இசை அரங்கமாகி, 1850இல் பாடகி ஜென்னி லிண்ட் பாடிய அதே கட்டடம், 1855 ஆகஸ்டில் குடியேறிகள் வந்திறங்கும் நிலையமானது. ஏறக்குறைய 80 லட்சம் பேர் அதன் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அதை நடத்தியது மத்திய அரசு இல்லை, நியூயார்க் மாநிலம் அமைத்த ஆணையம். கப்பல் தலைவர் ஒவ்வொரு பயணிக்கும் 300 டாலர் பிணை எழுதிக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தலைக்கு ஒன்றரை டாலர் கட்டிவிடலாம். அந்தக் காசு வந்திறங்கிய நோயாளிகளின் மருத்துவத்துக்கும் போனது. 1876இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது, வெளிநாட்டு வணிகம் மத்திய அரசின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பணம் நின்றது. செலவைத் தாங்க முடியாமல் நியூயார்க் வாஷிங்டனின் கதவைத் தட்டியது. 1882இல் தேசியக் குடியேற்றச் சட்டம் பிறந்தது, தலைக்கு 50 சென்ட் வரியோடு! ஒரு துறைமுகத்தின் கணக்குப் புத்தகம் ஒரு தேசத்தின் கொள்கையானது இப்படித்தான்.

நம்ம சென்னைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு, தெரியுமா? 1688இல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆர்மீனிய வணிகர் கோஜா பானோஸ் கலந்தரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கம்பெனியின் ஊர்களில் எங்கே 40 ஆர்மீனியர்கள் குடியேறினாலும், அங்கே அவர்களுக்கு மாதாகோயில் கட்ட நிலம் கொடுத்து, பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகளுக்கு வருடம் 50 பவுன் சம்பளமும் கம்பெனியே கொடுக்கும்! அதே 1688இல்தான் சென்னை மாநகராட்சியும் பிறந்தது. முதல் மேயர் நதானியல் ஹிக்கின்சன், அமெரிக்க மண்ணில், கனெக்டிகட்டில் பிறந்தவர். அவருடைய சபையில் யூத வணிகர்களும் போர்த்துகீசியரும் உள்ளூர்ப் பெருவணிகர்களும் உட்கார்ந்தார்கள். ஆர்மீனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மணிலாவிலிருந்து 1724இல் சென்னைக்கு வந்தார். இரண்டே ஆண்டில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்தார். அந்த இடத்தில்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பரங்கிமலைப் படிகளும் அவர் உபயம்! உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் எங்கே அச்சானது என்கிறீர்கள்? சென்னையில்! 1734இல் கவர்னர் மார்டன் பிட் நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்த, சுங்குராமச் செட்டியின் தோட்டத்தில் உருவாக்கிய குடியிருப்புதான் சிந்தாதிரிப்பேட்டை. நாரிச் செய்ததை நம் ஊரும் செய்திருக்கிறது.

இப்போது சான்பிரான்சிஸ்கோ. இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். 1870இல் அந்த நகரம் ஒரு விதி போட்டது: ஆளுக்கு 500 கன அடி காற்று இல்லாத அறையில் யாரும் தூங்கக் கூடாது. கேட்பதற்குச் சுகாதாரம்தான். பிடிபட்டவர்களோ நெருக்கடியில் வாழ்ந்த சீனத் தொழிலாளர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அபராதம் கட்ட மறுத்துக் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள்! சிறை நிரம்பி வழிந்தது. அங்கே ஆளுக்கு 500 கன அடி காற்று இல்லை!

அதனால் 1876இல் அடுத்த விதி வந்தது: சிறைக்கு வரும் ஆண்களின் தலைமுடியை ஓர் அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும். சீன ஆண்களுக்குப் பின்னல் ஜடை மானப் பிரச்சினை. சிங் பேரரசின் கட்டளையும்கூட. ஜடையை இழந்த ஹோ ஆ கோ என்ற தொழிலாளி ஷெரிஃப் மீதே வழக்குப் போட்டார், 1879இல் ஜெயித்தார்! தீர்ப்பளித்த ஸ்டீஃபன் ஃபீல்ட், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நோக்கம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரியாமல் போய்விடாது என்ற பொருள்பட எழுதினார். நெஞ்சை நிமிர்த்த வைக்கும் தீர்ப்பு. ஆனால் இதே ஃபீல்ட், பத்து ஆண்டு கழித்து 1889இல், சீனர்களை உள்ளே விடாமல் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதினார். நகரத்தின் கையிலிருந்து பிடுங்கிய கத்தி தேசத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நடுவில் சலவைக்கடை வழக்கு. 1880இல் நகரம் சொன்னது: மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும். ஊரில் இருந்த சுமார் 320 சலவைக்கடைகளில் 240 சீனர்களுடையவை. ஏறக்குறைய எல்லாமே மரக் கட்டடங்கள். சீனர்கள் 200 பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் அனுமதி இல்லை. மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது! 22 ஆண்டுகளாகக் கடை நடத்திய லீ யிக் பத்து டாலர் அபராதத்துக்குப் பதில் சிறைக்குப் போய், வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். 1886இல் வந்த தீர்ப்பு, அரசியல் சட்டத்தின் சம பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் இல்லை, அந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் உண்டு என்றது. வழக்கின் பெயர் 'யிக் வோ'. அது அவர் பெயர்கூட இல்லை, கடையின் பெயர்! துணி வெளுத்தவர் ஒருவரின் பிடிவாதம் இன்றைக்கும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

அதே ஊரில் பிறந்த சமையல்காரர் வாங் கிம் ஆர்க் தொடுத்த வழக்கில்தான், 1898இல், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகனே என்பது உறுதியானது. எட்டு ஆண்டு கழித்து, 1906 ஏப்ரல் 18 அன்று, பூகம்பமும் தீயும் நகரத்தைத் தின்றன. பிறப்புப் பதிவேடுகள் எரிந்து சாம்பல்! சீனர்கள் பலர் இங்கேதான் பிறந்தோம் என்று சொன்னபோது மறுக்க அதிகாரிகளிடம் காகிதம் இல்லை. குடிமக்களின் பிள்ளைகள் என்ற பெயரில் பலர் சீனாவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். 'காகித மகன்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. எரிந்த சைனாடவுனை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிட நகரத் தலைவர்கள் திட்டம் போட்டார்கள். சீன வணிகர்களும் சீன அரசும் விடவில்லை. பழைய இடத்திலேயே பகோடா கூரைகளோடு அது எழுந்து நின்றது. ஜடையை வெட்டிய அதே சான்பிரான்சிஸ்கோதான் 1985இல் எல் சால்வடார், குவாத்தமாலா அகதிகளுக்காகத் தன்னைப் 'புகலிட நகரம்' என்று அறிவித்தது. 1989இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது!

புகலிடம் என்று சொன்னதும் இன்னொன்று. 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை ஓர் உத்தரவு போட்டது: குடியேற்ற நிலையைத் தெரிந்துகொள்வதற்காகவே யாரையும் தடுத்து விசாரிக்கக் கூடாது. கருணை மட்டும் காரணம் இல்லை. காகிதம் இல்லாதவர் சாட்சி சொல்லவும் புகார் கொடுக்கவும் பயந்தால், திருடனைப் பிடிப்பது எப்படி? 2007இல் நியூ ஹேவன் நகரம் விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரில் வாழ்பவர் எல்லாருக்கும் நகர அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது.

சொந்த நாட்டுக்காரரே அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாத நகரமும் இருந்தது. சீனாவின் ஷென்ஜென்! 1980களில் அந்தச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தைச் சுற்றி 80 கிலோமீட்டருக்கும் மேல் வேலி போட்டார்கள். முறைப்படி அது ரத்தானது 2018இல்தான்.

கடைசியாக ஜப்பானின் கவாசாகி. தொழிற்சாலைகள் நிறைந்த இந்த ஊரில் கொரிய வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஜப்பானிலேயே பிறந்திருந்தாலும் சட்டப்படி அந்நியர்கள். அப்போதெல்லாம் 16 வயதானதும் நகர அலுவலகத்துக்குப் போய்க் குற்றவாளியைப் போலக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. 1980களில் ஆயிரக்கணக்கானோர் மறுத்தார்கள். மறுப்பவர் மீது நகர நிர்வாகம் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு எதிர்பார்த்தது. 1985இல் மேயர் இதோ சபுரோ வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், புகார் கொடுக்க மாட்டோம் என்று! சட்டமும் விதிகளும் மனித நேயத்துக்கு மேலானவை அல்ல என்பது அவர் நிலைப்பாடு. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களிடம் கைரேகை வாங்குவதை ஜப்பான் 1993இல் நிறுத்தியது. 1996இல் கவாசாகி வெளிநாட்டவருக்கென்றே 26 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையை அமைத்தது. நகரச் சட்டம் இயற்றி இப்படியோர் அவை அமைத்தது நாட்டிலேயே முதன்முறை! வாக்குரிமை இல்லாதவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினைகளைப் பேசி, மேயருக்கு ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்கிறார்கள். 2001இல் பிரேசிலிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைந்த ஹமாமட்சு முதலான 13 ஊர்கள் கூடி, எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கிறார்கள், காப்பீடு இல்லாமல் தவிக்கிறார்கள், கொள்கை எங்கே என்று தேசத்திடமே கேட்டன. 2019 டிசம்பரில் கவாசாகி நகரசபை இன்னொரு அடி வைத்தது. பொது இடத்தில் அந்நியர்களை இழித்துப் பேசி, எச்சரித்தும் நிறுத்தாதவருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம். ஜப்பானில் அப்படியொரு தண்டனையைச் சட்டமாக்கிய முதல் ஊர் அதுதான்!